இனமும் உயிரும்

(சிங்கப்பெருமாள் கோவிலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உயிரியல் பூங்காக்களில் விலங்கு நலமும் வனவிலங்குப் பாதுகாப்பும் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. கேட்டவுடன் இரண்டும் ஒரே காரியம்போலத் தோன்றும். நெடுங்காலம் விலங்கியல் கற்பித்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. நலம் என்பது கண்ணெதிரே நிற்கும் இந்த ஒரு விலங்கைப் பற்றியது. அதற்குப் பசிக்கிறதா, வலிக்கிறதா, பயமாக இருக்கிறதா என்று கேட்பது. பாதுகாப்பு என்பது அதன் இனத்தைப் பற்றியது. நூறு ஆண்டு கழித்தும் காட்டில் அந்த இனம் இருக்குமா என்று கேட்பது. முதல் கேள்விக்கு நல்ல பதில் சொல்கிற பூங்கா இரண்டாவதில் தோற்றுப்போகலாம். இரண்டாவதில் பெருவெற்றி பெற்ற இடம் முதல் கேள்விக்குப் பதில் சொல்லத் திணறலாம். இரண்டுக்கும் சாட்சி நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது. அதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்தப் பேச்சுக்கு இந்த ஊர் பொருத்தமானது. பாதி மனிதன், பாதி சிங்கமாக வந்த கடவுளின் பெயரையே ஊருக்கு வைத்திருக்கிறோம். குடைவரையில் மூன்று கண்ணோடு அமர்ந்திருக்கும் நரசிம்மரைச் சுற்ற வேண்டுமென்றால் குன்றையே சுற்றிவர வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் உயிருள்ள சிங்கங்களின் வாசலில் இறங்கிவிடலாம்.

வண்டலூரின் கதை வண்டலூரில் தொடங்கவில்லை. 1855இல் சென்னை அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர், எழும்பூர் வளாகத்தில் சில விலங்குகளை வைத்தார். உயிருள்ள விலங்குகளைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. பிற்பாடு அவை பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் அந்தப் பழைய மிருகக்காட்சிச்சாலையைப் பார்த்தவர்கள் இந்த அவையிலும் இருக்கலாம். மெரினாவில் 1909இல் மீன் காட்சியகமும் வந்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கென்று அமைந்த முதல் மீன் காட்சியகம் அது. 1942இல் ஜப்பான் குண்டு போடும் என்ற பீதியில் சென்னை நகரமே காலியானது. அப்போது பீப்பிள்ஸ் பார்க்கிலிருந்த சிங்கம், புலி முதலிய கொடிய விலங்குகளை மலபார் சிறப்புக் காவல் படையை வரவழைத்துச் சுட்டுக் கொன்றார்கள். கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடுமே என்ற அச்சம். அந்த அச்சத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அடைத்து வைத்தவனிடம், ஆபத்து வந்தால் அந்த விலங்கை என்ன செய்வது என்ற ஏற்பாடு எதுவும் இல்லை. ஒரு விலங்கை அடைக்கிற நாளிலேயே அதன் கடைசி நாள் வரைக்குமான கணக்கைப் போட்டுவிட வேண்டும். போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1942க்குப் பிறகும் சாட்சிகள் உண்டு.

1985 ஜூலை 24 அன்று எம்.ஜி.ஆர். வண்டலூர்ப் பூங்காவைத் திறந்துவைத்தார். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா அன்று ஏறத்தாழ 510 ஹெக்டேர். மீட்பு மையத்துக்கான நிலமும் சேர்ந்து இன்று 602 ஹெக்டேர். கம்பிக் கூண்டுக்குப் பதில் அகழி, சிமென்டுத் தரைக்குப் பதில் மண், முள்காட்டை மீட்டு வளர்த்த மரங்கள். அன்றைய இந்தியாவில் இது பெரிய பாய்ச்சல். 2016 டிசம்பர் வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தபோது எனக்குச் சொந்தத் தோட்டம் அழிந்ததுபோல் இருந்தது.

அந்த மீட்பு மையம் ஏன் வந்தது தெரியுமா? 1998இல் மத்திய அரசு கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்கவோ காட்சிக்கு வைக்கவோ கூடாது என்று அறிவித்தது. சர்க்கஸ்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2001 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. தீர்ப்பு சரி, சர்க்கஸ் கூண்டிலிருந்து வெளியேறும் சிங்கங்கள் எங்கே போகும்? நெருப்பு வளையத்துக்குள் தாவப் பழகியவை அவை, வேட்டை தெரியாது. அவற்றுக்காகத்தான் வண்டலூர், திருப்பதி, விசாகப்பட்டினம், பன்னேர்கட்டா போன்ற இடங்களில் மீட்பு மையங்கள் கட்டினார்கள்.

அந்தச் சிங்கங்களில் பெரும்பாலானவை கிர் காட்டு ஆசியச் சிங்கமும் அல்ல, ஆப்பிரிக்கச் சிங்கமும் அல்ல. சர்க்கஸ்களிலும் பழைய பூங்காக்களிலும் இரண்டையும் கலந்துவிட்டிருந்தார்கள். இது நம் நாட்டுத் தவறு மட்டுமல்ல. அமெரிக்கப் பூங்காக்கள் ஆசியச் சிங்கம் என்று நம்பி வளர்த்த கூட்டத்தின் மூல விலங்குகள் ஐந்தில் இரண்டு ஆப்பிரிக்க வழி என்று 1987இல் மரபணு ஆய்வு காட்டியது. அந்தத் திட்டமே பொருளற்றுப் போனது. சண்டிகருக்கு அருகிலுள்ள சத்பீர் பூங்காவில் கலப்புச் சிங்கங்கள் பெருகி, நோய் எதிர்ப்பு குறைந்து, பல இறந்தன. கடைசியில் ஆண் சிங்கங்களுக்குக் கருத்தடை செய்து, இருப்பவை இருக்கும்வரை இருக்கட்டும் என்று விட்டார்கள்.

இனப் பாதுகாப்புக் கணக்கில் அந்தச் சிங்கங்களுக்கு மதிப்பு இல்லை. கிர் காட்டுக்கு அவற்றால் ஒரு பயனும் கிடையாது. ஆனாலும் அந்தச் சிங்கத்துக்கு வயிறு இருக்கிறது, வலிக்கிற பல் இருக்கிறது, நிழல் தேடும் உடம்பு இருக்கிறது. மேலும் குட்டி போடாமல் பார்த்துக்கொண்டு, இருப்பதைக் கடைசி மூச்சுவரை நன்றாக வைத்திருப்பதுதான் நேர்மை. இதில் புகழ் கிடையாது. குட்டி பிறந்தால் படம் போடும் பத்திரிகை, கிழட்டுச் சிங்கம் நிம்மதியாகச் செத்தால் எழுதாது. அந்தப் புகழில்லாத வேலையைச் செய்பவர்களை நான் வணங்குகிறேன்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்வையாளர்களுக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் அது பின்பக்கம் நடக்கிறது. மாலையில் கீப்பர் இரவுக்கூடத்தின் கம்பிக்குப் பின்னால் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். இறைச்சி உள்ளேதான் இருக்கும். சிங்கம் உள்ளே வந்ததும் இழுவைக் கதவு இறங்கும். அந்தச் சில நிமிடங்களில்தான் எல்லாத் தகவலும் கிடைக்கும். கூப்பிட்டவுடன் வந்ததா, யோசித்து வந்ததா? எந்தக் காலைத் தாங்கி நடக்கிறது? எலும்பைக் கடிக்கிறதா, நக்கிவிட்டு விடுகிறதா? காலையில் கூட்டும்போது கழிவு எப்படி இருந்தது, நேற்று போட்டதில் எவ்வளவு மிச்சம்? எந்தக் கருவியும் சொல்லாத நோயை, மூன்று துண்டு இறைச்சி மிச்சம் இருப்பதைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற கீப்பர்கள் இருக்கிறார்கள்.

2021 ஜூன் 3 அன்று வண்டலூரில் நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் இறந்தது. பரிசோதனையில் கொரோனா. இரண்டு வாரத்துக்குள், 16ஆம் தேதி, பத்மநாதன் என்ற பன்னிரண்டு வயது ஆண் சிங்கமும் போனது. போபாலில் உள்ள ஆய்வகத்தில் நான்கு சிங்கங்களின் மாதிரிகளைப் பகுத்துப் பார்த்தபோது, அன்று நம் தெருக்களில் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்த அதே டெல்டா வகை. பார்வையாளர்கள் வரத் தடை இருந்த காலம் அது. கிருமி மனிதரிடமிருந்தே போயிருக்க வேண்டும். சுவரும் அகழியும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அடைபட்ட விலங்கு நம் மூச்சுக்காற்றுக்குள்தான் வாழ்கிறது. நம் சத்தத்துக்குள்ளும்தான். 2023 டிசம்பர் இறுதியில் பூங்காவுக்குப் பக்கத்தில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து அந்தப் பக்கத்து இரவு எப்படியிருக்கிறது என்று இங்கிருந்து சென்னைக்குப் போய்வருபவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூங்காவின் நலனைப் பூங்கா நிர்வாகம் மட்டும் தீர்மானிப்பதில்லை. சாலை போடுகிறவர்களும் ஹாரன் அடிக்கிறவர்களும் தீர்மானிக்கிறார்கள்.

நடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அடைப்பில் ஒரே கோட்டில், ஒரே இடத்தில் திரும்பித் திரும்பி நடக்கும் புலியைப் பார்த்திருப்பீர்கள். ‘எவ்வளவு கம்பீரமாக நடக்குது பாரு’ என்று குழந்தைக்குக் காட்டுவோம். அது கம்பீரம் அல்ல, தவிப்பு. 2003இல் இரண்டு ஆய்வாளர்கள் உலகப் பூங்காக்களின் ஊனுண்ணி விலங்குகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காட்டில் மிகப் பரந்த எல்லையில் திரியும் இனங்கள்தான் அடைப்பில் மிக அதிகமாக இப்படி நடக்கின்றன. அவற்றின் குட்டிகளே அதிகம் சாகின்றன. எல்லா விலங்கும் அடைப்புக்கு ஒரே மாதிரி ஆட்படுவதில்லை. சில இனங்களை நல்லபடியாக வைத்திருக்க முடியும். சிலவற்றை எவ்வளவு செலவழித்தாலும் முடியாது. இதை ஒப்புக்கொண்டுதான் 2009இல் மத்திய உயிர்க்காட்சிச்சாலை ஆணையம் யானைகளைப் பூங்காக்களிலிருந்து காட்டு முகாம்களுக்கு அனுப்பச் சொன்னது. டால்பின் விஷயத்தில் நமக்குப் பாடம் கொடுமையாகவே கிடைத்தது. 1990களின் இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலைக் காட்சி ஒன்றுக்காக வெளிநாட்டிலிருந்து டால்பின்களைக் கொண்டுவந்தார்கள். சில மாதங்களிலேயே இறந்தன. 2013 மே மாதம் மத்திய அரசு, டால்பின் காட்சியகங்களுக்கு நாடெங்கும் அனுமதி கூடாது என்றது.

வெள்ளைப் புலியை நான் விட்டுவிட முடியாது. வண்டலூரில் கூட்டம் முதலில் கேட்பது அதைத்தான். 1951இல் ரேவா அரசர் பிடித்த மோகன் என்ற ஒரு குட்டியை வளர்த்து, அதன் சொந்த மகளோடேயே சேர்த்துப் பெருக்கிய வம்சம் அது. வெண்மை ஒரு மரபணுக் குறை. அதைத் தக்கவைக்க உறவுக்குள்ளேயே சேர்க்க வேண்டும். அதனால் கண்பார்வை முதல் பல கோளாறுகள் வரும். வங்கப் புலியைக் காப்பதில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை. நாம் கேட்பதால் அது பிறக்கிறது. இருக்கும் வெள்ளைப் புலிகளை அன்போடு வைத்துக்கொள்வோம். புதிதாக ஒன்று பிறந்தது என்ற செய்திக்குக் கைதட்டுவதை நிறுத்துவோம்.

இப்போது வடநெம்மேலிக்கு வருகிறேன். நான் அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான்.

1970களில் நம் ஆறு, ஏரிகளின் சதுப்பு முதலை தோலுக்காக வேட்டையாடப்பட்டு அழியும் நிலைக்கு வந்தது. 1975இல் இந்திய அரசு ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் துணையோடு முதலைத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு, ரோமுலஸ் விட்டேகரும் ஜாய் விட்டேகரும் நண்பர்களோடு சேர்ந்து வடநெம்மேலியின் கடற்கரை மணலில் சென்னை முதலைப் பண்ணையை ஆரம்பித்தார்கள். கிண்டியில் பாம்புப் பண்ணை தொடங்கிய அதே விட்டேகர்தான். முதலை பெருகியது. எதிர்பார்த்ததைவிட மிகப் பெருகியது. பண்ணையின் பெண் முதலைகள் ஓராண்டில் இரண்டு முறை முட்டையிட்டன. சதுப்பு முதலை அப்படிச் செய்யும் என்பதையே அங்கேதான் கண்டார்கள். மணல் குழியின் சூடு ஓரிரு டிகிரி மாறினால் பிறப்பது ஆணா பெண்ணா என்பதே மாறும். முட்டைகளை எடுத்து, சூட்டை அளந்து அடைகாத்து, குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் வளர்த்தார்கள். பல மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். ஓர் இனத்தை மீட்டுக் கொடுத்த இடம் என்று அதைத் தயங்காமல் சொல்லலாம்.

பிறகு ஏரிகளில் ஆட்கள் நெருங்கினார்கள். குளிக்கிற படித்துறையில் முதலையை யார் விடச் சொல்வார்? 1990களின் நடுவில் அரசு, முதலைகளைக் காட்டில் விடுவதை நிறுத்தியது. முட்டையிடுவது நிற்கவில்லை. விட இடமில்லாத விலங்கு வளாகத்தில் குவிந்தது. குழிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக முதலைகள் வெயில் காய்வதைப் பார்த்த குழந்தைகள் சிரித்தார்கள். அந்தக் குவியலில் வலியது தின்னும், எளியது விலகி நிற்கும். வால்நுனி போனவை, தாடை கிழிந்தவை உண்டு. பின்னாளில் குஞ்சு பொரிக்காமல் இருக்க முட்டைகளைத் தோண்டி எடுத்து அழிக்க வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் ஒரு முட்டை உடைந்தால் கலங்கியவர்கள் செய்த வேலை அது. கடைசியில் ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரிலுள்ள தனியார் மீட்பு மையத்துக்கு அனுப்ப அனுமதி வந்தது. 2022இல் அது பெரிய செய்தியானது. இட நெருக்கடியிலிருந்து அந்த முதலைகளுக்கு விடுதலை கிடைத்தது, அது நலம். ஆனால் ஓர் அடைப்பிலிருந்து இன்னோர் அடைப்புக்குப் போவதைப் பாதுகாப்பு என்று சொல்ல என் நா எழவில்லை.

பண்ணையை நான் குற்றம் சொல்லவில்லை. அங்கே முதலைகளுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரப் பழக்குகிறார்கள். கயிறு போட்டு இழுக்காமல், பயமுறுத்தாமல் சிகிச்சை செய்ய அது உதவுகிறது. கங்கை ஆற்று அபூர்வ ஆமைகளையும் அங்கே பெருக்குகிறார்கள். நான் சொல்வது திட்டம் போடுகிறவர்களுக்கு: பிறக்கப்போகும் குட்டிக்கு முகவரி தெரிந்த பிறகு இனப்பெருக்கத்தைத் தொடங்குங்கள். அசாமில் குள்ளப் பன்றிக்கு அப்படித்தான் செய்தார்கள். 1996இல் ஆறு பன்றிகளைப் பிடித்து வளர்த்தார்கள். அதே சமயம் புல்வெளிகளை எரிக்காமல் பாதுகாக்கும் வேலையும் நடந்தது. 2008 முதல் காட்டில் விடுகிறார்கள். புல்வெளி தயாராக இருந்ததால் பன்றிக்கு வீடு இருந்தது.

வண்டலூரில் சோலைமந்தியை இந்தக் கண்ணோடு பாருங்கள். சிங்கவால் குரங்கு என்போமே, அதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. காட்டில் சில ஆயிரமே மிச்சம். இதற்கான இனப்பெருக்கத் திட்டத்தில் வண்டலூருக்கு இடமுண்டு. காட்டில் அது பகலின் பெரும்பகுதியை உணவு தேடுவதில் கழிக்கிறது: வெடிப்பலாவின் முள் தோலை உரிக்கும், பட்டையை உரித்துப் பூச்சி எடுக்கும், ஒரு பழத்துக்காகக் கிளை விட்டுக் கிளை போகும். அடைப்பில் அதே உணவு தட்டில் வந்து பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். மிச்சப் பொழுதுக்கு அது என்ன செய்யும்? அதனால்தான் நல்ல கீப்பர்கள் பழத்தை மூங்கில் கணுவுக்குள் திணித்துத் தொங்கவிடுகிறார்கள், கடலையை வைக்கோலுக்குள் ஒளிக்கிறார்கள். வயிறு நிறைவது மட்டும் நலமாகாது, வேலையும் வேண்டும். அந்த மந்தி விரலை விட்டு மூங்கிலைத் துழாவிக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து யாரோ சிப்ஸ் பாக்கெட்டை வீசுவார்கள். கீப்பர் செய்த வேலை அத்தனையும் அந்த நொடியில் பாழ். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவின்படி பூங்கா விலங்கைச் சீண்டுவதும் அதற்குத் தீனி போடுவதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதே மந்திக்காக வால்பாறையில் சாலைக்கு மேலே, மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பாலங்கள் இல்லாவிட்டால் வண்டலூரில் பிறக்கும் குட்டிக்கும் முதலைக்கு நேர்ந்ததே நேரும்.

அடைத்தாலும் திருப்பி விடுகிற முறை ஒன்றும் நம் மாவட்டத்தில் இருக்கிறது. அதை நடத்துபவர்கள் இருளர்கள். வனவிலங்குச் சட்டமும் பாம்புத் தோல் ஏற்றுமதித் தடையும் வந்தபோது, தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்த இருளர் குடும்பங்கள் அடுப்பு எரியாமல் தவித்தன. 1978இல் வடநெம்மேலியில் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வருவார்கள். வாய்க்குத் துணி கட்டிய மண்பானையில் வைப்பார்கள். வாரம் ஒருமுறையாகச் சில முறை விஷம் எடுத்த பின், வயிற்றுச் செதிலில் அடையாள வெட்டு போட்டு, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். பாம்புக்கடி மருந்தின் மூலப்பொருள் அந்த விஷம்தான். ஒரகடம் ஆலைக்குப் பின்னாலுள்ள புதரில் கண்ணாடி விரியன் கடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடும் தொழிலாளியின் உயிர், அந்தப் பானையோடு சம்பந்தப்பட்டது. நம் மாவட்டத்து வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் புளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. விலங்கியல் பட்டம் பெற்றவர்கள் அவர்களிடம் பாடம் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சட்டத்திலும் நமக்குப் பெருமை உண்டு. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்ததற்கு ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே தொடக்கம். 1962இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அவரே முதல் தலைவர். அலுவலகமும் நெடுங்காலம் சென்னையில்தான் இருந்தது. பசி, வலி, பயம் முதலியவற்றிலிருந்து விலங்குக்கு விடுதலை வேண்டும் என்ற ஐந்து சுதந்திரங்களை 2014இல் உச்ச நீதிமன்றம் ஏற்றதும் ஒரு தமிழ்நாட்டு வழக்கில்தான்.

பள்ளி ஆசிரியர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டலூருக்கு அடுத்த முறை பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோகாதீர்கள். செவ்வாய் விடுமுறை, மற்ற வேலை நாள்களில் போங்கள். இரண்டு பேருந்து நிறைய வேண்டாம், ஒரு வகுப்பு போதும். எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். ஆளுக்கொரு நோட்டு கொடுத்து, ஒரே விலங்கின் முன் அரை மணி நேரம் உட்காரவையுங்கள். அது என்ன செய்தது, எத்தனை முறை ஒரே வழியில் நடந்தது, எங்கே ஒளிந்தது, எதைப் பார்த்துத் திரும்பியது என்று எழுதட்டும். கீப்பரிடம் கேள்வி கேட்க அனுமதி வாங்குங்கள். மழை நின்ற பிறகு, டிசம்பர், ஜனவரியில் அதே பிள்ளைகளை வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே கூண்டு இல்லை. கலெக்டர் லயனல் பிளேஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பறவைகளைக் காக்கும் உரிமையை அந்த ஊராருக்கு எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் ஊரே பறவையைக் காத்தது. 2020இல் அதன் ஐந்து கிலோமீட்டர் பாதுகாப்பு எல்லையைச் சுருக்கப் பார்த்தபோது எழுந்த எதிர்ப்பில் கிராமத்தாரும் நின்றார்கள். அங்கே கூடு கட்டும் நாரைகளும் கூழைக்கடாக்களும் இரை தேடுவது நம்மைச் சுற்றியுள்ள ஏரிகளில்தான். இந்த ஊரைச் சுற்றி இன்னும் தூர்க்காமல் மிச்சமிருக்கும் ஏரிகள் எவை, அவற்றில் எந்தப் பறவை வருகிறது என்று அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் பிள்ளைகள் பட்டியல் எடுக்கட்டும். அந்தப் பட்டியலை வருவாய்க் கோட்டாட்சியரிடம் கொடுக்க நானும் உங்களோடு வருகிறேன்.